விழுந்த பல் யாருடையது?

1560-ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசின் மீது போர்த்துக்கீசியர் படையெடுத்தார்கள். படையை நடத்தி வந்தவர் கோவாவின் வைஸ்ராய் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா. கொள்ளையடித்த பொருள்களோடு ஒரு பல்லும் அவர்கள் கையில் சிக்கியது. புத்தரின் பல் அது என்றார்கள். செய்தி கடல் கடந்து பர்மாவின் பெகு நாட்டு மன்னரை எட்டியதும், அதை மீட்டுத் தந்தால் பெருந்தொகை கொடுப்பதாக அவர் கோவாவுக்குத் தூதனுப்பினார். போர்ச் செலவால் இளைத்திருந்த கருவூலத்தை எண்ணி அதிகாரிகள் பலர் விற்றுவிடலாம் என்றார்கள். பேராயர் கஸ்பார் ஒப்பவில்லை. விக்கிரகம் ஒன்றைப் பொன்னுக்கு விற்பது இறைவனுக்குச் செய்யும் துரோகம் என்பது அவர் வாதம். கடைசியில் அவர் சொன்னதே நடந்தது. பல்லை உரலில் இட்டு இடித்தார்கள். தூளை நெருப்பில் கொட்டி எரித்தார்கள். சாம்பலை ஆற்றில் விட்டார்கள்.

எரிந்தது உண்மையான தந்ததாது அல்ல என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. நான்காம் நூற்றாண்டில் கலிங்கத்து இளவரசி ஹேமமாலா கூந்தலுக்குள் மறைத்து இலங்கைக்குக் கொண்டுவந்த பல், போர்க்காலத்தில் தெல்கமுவ விகாரையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்றும், இன்று கண்டி தலதா மாளிகையில் இருப்பது அதுவே என்றும் அவர்கள் சொல்வார்கள். அந்தப் பல்லைக் காப்பவருக்கே இலங்கையை ஆளும் உரிமை என்ற வழக்கு பல நூற்றாண்டுகள் நீடித்தது. பல்லை வாங்கத் துடித்த மன்னரும், அழித்தே தீர வேண்டும் என்று நின்ற பேராயரும் எதிரெதிர் சமயத்தவர்கள். ஆனால் உடலைவிட்டுப் பிரிந்த ஒரு பல்லை வெறும் எலும்புத் துண்டாகக் கருத இருவராலுமே முடியவில்லை.

2000-ஆம் ஆண்டில் அந்தப் பல் விவகாரம் வேறொரு வழியாக, ஆய்வுக்கூடத்தின் வாசலில் வந்து நின்றது. அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் ஸ்டான் குரோந்தோஸ், சோங்டாவ் ஷி முதலியோர் அடங்கிய குழு, பிடுங்கியபின் குப்பைக்குப் போகவிருந்த ஞானப்பற்களை உடைத்து, உள்ளேயிருந்த பற்கூழை எடுத்து வளர்த்துப் பார்த்தது. அதில் ஸ்டெம் செல்கள் இருந்தன. தம்மைத் தாமே பெருக்கிக்கொள்வதோடு, பல்லின் தந்தினியை உருவாக்கும் செல்லாகவும் வேறு சில வகைச் செல்லாகவும் மாறக்கூடிய குருத்தணுக்கள் அவை.

மூன்றாண்டு கழித்து இன்னும் வியப்பான செய்தி வந்தது. குழந்தைகளுக்கான பல் மருத்துவருமான ஷி, தம் ஆறு வயது மகளுக்கு விழுந்த பாற்பல்லைத் திருப்பிப் பார்த்தபோது நடுவில் சிவப்பாகத் திசு ஒட்டியிருப்பதைக் கண்டார். அடுத்த பல் விழுந்ததும் அதை ஒரு குவளைப் பாலில் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார். 2003-ல் அவருடைய குழு வெளியிட்ட கட்டுரையின்படி, தானாக விழும் ஒவ்வொரு முன்பல்லிலும் 12 முதல் 20 வரை இத்தகைய செல்கள் உயிரோடு இருக்கின்றன. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் வளர்ப்பு ஊடகத்தில் அவை ஞானப்பல்லின் செல்களைவிட வேகமாகப் பெருகின.

குழந்தைக்கு முதற்பல் ஆறாம் மாதத்தை ஒட்டித் தெரிகிறது. அதன் தொடக்கமோ கருப்பையில், ஆறாம் வாரத்திலேயே நடந்துவிடுகிறது. நரம்புக்குழாய் மூடிக்கொள்ளும் விளிம்பிலிருந்து கிளம்பி, முகம் உருவாகும் இடத்தை நோக்கி நகர்ந்து வரும் செல்கள்தான் பற்கூழின் மூதாதையர். நரம்பு நோய்களுக்கு இவை உதவக்கூடும் என்று ஆய்வாளர்கள் ஆசைப்படுவது இந்த உறவால்தான். பாற்பல்லின் எனாமலை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு கோடு தெரியும். அது குழந்தை பிறந்த நாளின் தடம். கோட்டுக்கு உள்ளே இருப்பது கருவறையில் வளர்ந்தது, வெளியே இருப்பது தாய்மடியில் வளர்ந்தது. இருபது பாற்பற்களும் ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் விழுந்துவிடுகின்றன.

பல்லில் கிடைத்த இந்தச் செல்களைச் சமயவாதிகள் ஆவலோடு வரவேற்றார்கள். அதற்குப் பின்னால் ஒரு பெரும் சண்டை இருந்தது. 1998-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தார். உடலின் எந்த உறுப்பாகவும் மாற வல்லவை அவை. ஆனால் அவற்றை எடுக்க, சில நாளே ஆன கருவைச் சிதைக்க வேண்டும். அந்தக் கரு ஒரு மனிதரா? இந்தக் கேள்வி அமெரிக்க அரசியலை ஆண்டுக்கணக்கில் உலுக்கியது. 2001 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ், அதுவரை உருவாக்கப்பட்டுவிட்ட செல் வரிசைகளுக்கு மட்டுமே அரசுப் பணம் என்று அறிவித்தார். 2009-ல் ஒபாமா அந்தத் தடையைத் தளர்த்தினார்.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடு தெளிவானது. கருவுற்ற கணத்திலிருந்தே அது மனித உயிருக்குரிய மதிப்பைப் பெறுகிறது. 2008-ல் வத்திக்கான் வெளியிட்ட 'டிக்னிட்டாஸ் பெர்சோனே' என்ற ஆவணம், கருவை அழித்துச் செல் எடுப்பதைக் கண்டித்தது. வளர்ந்தவரின் உடலிலிருந்தும் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்தும் கேடு விளையாமல் எடுப்பதை ஏற்றது. யூத மரபு வேறு கணக்கு வைத்திருக்கிறது. முதல் நாற்பது நாள் கருவைத் தால்முத் வெறும் நீராகவே கருதுகிறது. இஸ்லாமிய அறிஞர்கள் பலர், 120 நாள் கழித்தே கருவுக்குள் ஆன்மா ஊதப்படுகிறது என்ற நபிமொழியை எடுத்துக்காட்டுவார்கள். ஈரானின் தலைமைச் சமயத் தலைவர் இசைவு தந்ததை அடுத்து, தெஹ்ரானின் ரோயான் நிறுவனம் 2003-ல் தன் சொந்தக் கருச் செல் வரிசையை உருவாக்கியது. இந்து மரபு ஒரே குரலில் பேசுவதில்லை. விந்தும் சோணிதமும் கூடும்போதே ஆன்மாவும் வந்து சேர்வதாகச் சரக சம்ஹிதை கொள்கிறது. கர்ப்போபநிடதமோ ஏழாம் மாதத்தில் ஜீவன் சேர்வதாகச் சொல்கிறது. திருமந்திரத்தில் கர்ப்பக் கிரியை என்றே ஒரு பகுதி இருக்கிறது. கருவின் மர்மம் சித்தர்களையும் தூங்கவிடவில்லை.

இந்தச் சண்டையால் நல்லதும் விளைந்தது. ஜப்பானின் ஷின்யா யாமனாகா, கருத்தரிப்புச் சிகிச்சை மையம் நடத்திய நண்பர் ஒருவரின் நுண்ணோக்கியில் மனிதக் கருவைப் பார்த்தாராம். அதற்கும் தம் பெண் குழந்தைகளுக்கும் எவ்வளவு சிறிய வேறுபாடு என்ற எண்ணம் அவரைத் தைத்தது. கருவைத் தொடாமல் அதே ஆற்றலுள்ள செல்லை உண்டாக்க முடியுமா என்று தேடினார். 2006-ல் எலியின் தோல் செல்லையும், 2007-ல் மனிதத் தோல் செல்லையும் பின்னோக்கித் திருப்பிக் கருநிலைக்குக் கொண்டுபோனார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார். ஓர் அறக்கூச்சம் அறிவியலுக்குத் தடைபோடவில்லை. புதிய பாதையைத் திறந்துவிட்டது. எதிர்க்கருத்து எதுவானாலும், இந்த ஒரு நிகழ்ச்சிக்காகவே சமயங்கள் எழுப்பிய கேள்விக்கு மரியாதை செய்ய வேண்டும்.

பல்லோ இவ்வளவு பாடும் படாமல் தானாக விழுகிறது. யாரும் சாகவில்லை, யாருக்கும் வலியில்லை. கத்தோலிக்கர், யூதர், முஸ்லிம், இந்து எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடிய செல் கிடைத்துவிட்டது. ஆகவே அறக் கேள்வி தீர்ந்தது என்று பலர் எழுதினார்கள்.

தீரவில்லை. கொலை பற்றிய கேள்வி போனதும், உடைமை பற்றிய கேள்வி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அது முந்தியதைவிடச் சத்தம் குறைந்தது. அதனாலேயே எளிதில் கடந்து போகப்படுகிறது.

முதலில் பல் என்ன செய்யும் என்பதைப் பார்த்துவிட வேண்டும். உறுதியான பலன் பல்லிலேயே கிடைத்திருக்கிறது. சீனாவின் சியான் நகரில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், கீழே விழுந்தோ அடிபட்டோ முன்பல்லின் கூழ் செத்துப்போன 40 சிறுவர்கள் சேர்க்கப்பட்டார்கள். 30 பேருக்கு அவரவர் பாற்பல்லிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் அடிபட்ட பல்லுக்குள் வைக்கப்பட்டன. 10 பேருக்கு வழக்கமான சிகிச்சை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, செல் வைத்த பற்களில் ரத்தக்குழாயும் நரம்புமாகப் புதுக் கூழ் வளர்ந்திருந்தது. நின்றுபோன வேர் மேலும் நீண்டிருந்தது. இரண்டாண்டு கவனிக்கப்பட்ட 20 பேரிடம் தீய விளைவு எதுவும் தென்படவில்லை. ஜப்பானில் மிசாகோ நகஷிமாவின் குழு 2017-ல், கூழ் அகற்றப்பட வேண்டியிருந்த ஐந்து பெரியவர்களுக்கு அவர்களுடைய வேறொரு பல்லின் செல்களை வைத்து நம்பிக்கையூட்டும் பலன் கண்டது. ரூட் கெனால் செய்துகொண்ட யாருக்கும் இதன் அருமை புரியும். இன்று அந்தச் சிகிச்சை செத்த கூழை வழித்தெடுத்து, ரப்பர் போன்ற ஒரு பொருளால் அடைக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பல்லுக்கு உணர்வு கிடையாது. உயிருள்ள கூழை மறுபடி வளர்ப்பது வேறு தரத்துக் காரியம்.

தாடை எலும்பை நிரப்பவும் இத்தாலியின் நேபிள்ஸ் நகரத்து மருத்துவர்கள் 2009-லேயே இவற்றைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். நகோயாவில் தண்டுவடம் முற்றிலும் அறுக்கப்பட்ட எலிகளுக்குப் பற்கூழ்ச் செல்களை வைத்தபோது பின்னங்கால்களில் ஓரளவு அசைவு திரும்பியது. 2012-ல் வெளியான முடிவு அது. எலியிலிருந்து மனிதருக்கு வரும் தூரம் நெடியது. சர்க்கரை நோய், பக்கவாதம், பார்க்கின்சன், கல்லீரல் நோய் என்று ஆய்வுப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. நடைமுறைச் சிகிச்சை என்று சொல்லும் இடத்துக்கு அவற்றில் எதுவும் வந்துசேரவில்லை.

விற்பனைத் துண்டறிக்கையில் இந்த இடைவெளி காணாமல் போய்விடுகிறது. உலகின் பல நகரங்களில் பாற்பல்லைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காக்கும் தனியார் வங்கிகள் இயங்குகின்றன. ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு, பிள்ளையின் வருங்காலத்துக்கான காப்பீடு என்று சொல்லி அவை பெற்றோரை அழைக்கின்றன. ரத்தப் புற்றுநோய் வந்தால் உதவும் என்றுகூடச் சிலர் சொல்லக் கேட்கலாம். பற்கூழின் செல்கள் ரத்தம் உண்டாக்குபவை அல்ல. அந்த வேலைக்கு எலும்பு மச்சையோ தொப்புள்கொடி ரத்தமோ வேண்டும். பிறவியிலேயே மரபணுக் கோளாறு உள்ள பிள்ளைக்கு அதே பிள்ளையின் செல் எப்படி மருந்தாகும்? அந்தக் கோளாறு பல்லுக்குள்ளும் இருக்கிறதே. இப்போது தவறவிட்டால் எப்போதும் கிடைக்காது என்ற பயமுறுத்தலும் முழு உண்மை ஆகாது. அதே பிள்ளைக்குப் பதினெட்டு, இருபது வயதில் ஞானப்பல் முளைக்கும். அதிலும் இச்செல்கள் உண்டு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள் இதில் திட்டவட்டமாகப் பேசுகின்றன. வணிக நோக்கில் சேமிக்க இப்போதைக்குத் தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டுமே அனுமதி. தொப்புள்கொடித் திசு, நஞ்சுக்கொடி, பல், மாதவிடாய் ரத்தம் ஆகியவற்றுக்கு இல்லை. போதிய அறிவியல் சான்று வராததே காரணம். அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே நோயாளிக்கு ஸ்டெம் செல் செலுத்துவதை அந்த நெறிகள் முறையற்ற செயல் என்கின்றன. நோயுற்ற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலையும் தாய்க்கு, நிரூபிக்கப்படாத ஒன்றை மருந்து என்று சொல்லி நகையை விற்க வைப்பதைப்போல் கொடிய பொய் வேறில்லை. எந்தச் சமயத்தின் அறநூலை எடுத்தாலும் இதற்கு மன்னிப்பு கிடையாது. கருவைப் பற்றி அத்தனை உரக்கப் பேசிய சமயத் தலைவர்கள் இதைப் பற்றியும் பேச வேண்டும்.

ஆனால் பொய்யை நீக்கிவிட்டாலும் கேள்வி மிஞ்சுகிறது. நாளையே எல்லா வாக்குறுதியும் மெய்யாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது, உடல் உதிர்த்துவிட்ட ஒன்றை எனக்கென்று பூட்டி வைப்பது சரியா?

உதிர்ந்த பல்லை என்ன செய்வது என்பதில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள். ஜப்பானில் கீழ்ப்பல்லைக் கூரைமேலும் மேல்பல்லைத் தரைக்கு அடியிலும் போடுவது வழக்கம். முஸ்லிம்களில் பலர் வெட்டிய நகத்தையும் முடியையும் விழுந்த பல்லையும் மண்ணில் புதைப்பதை நல்லதாகக் கருதுவார்கள். யூதர்களிலும் துண்டிக்கப்பட்ட உறுப்பை அடக்கம் செய்யும் மரபு உண்டு. இந்த வழக்கங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது, பல்லைக் கைவிடுவதற்கு ஒரு முறை வைத்திருப்பது. குப்பையில் வீசுவதில்லை. பெட்டியில் பூட்டுவதும் இல்லை. கூரைக்கோ மண்ணுக்கோ கொடுத்துவிடுகிறார்கள்.

பௌத்தம் இதில் ஆழமாகப் போகிறது. புதிதாகத் துறவு பூணும் பிக்குவுக்குத் தியானிக்கக் கொடுக்கப்படும் முதல் ஐந்து பொருள்கள்: தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல். இவை நிலையற்றவை, என்னுடையவை அல்ல என்று அவர் திரும்பத் திரும்ப எண்ணிப் பழக வேண்டும். அதே பௌத்தம்தான் ஒரு பல்லைத் தங்கப் பேழைகளுக்குள் வைத்துப் பெரஹெரா என்னும் ஊர்வலம் எடுக்கிறது. முரண்போலத் தோன்றினாலும் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். புத்தரின் பல் எந்த ஒருவருடைய நலத்துக்காகவும் காக்கப்படவில்லை. வணங்க வருகிற எல்லோருக்குமாகக் காக்கப்படுகிறது. அதை ஆட்சியுரிமையின் கருவியாக மன்னர்கள் கைக்கொண்டபோதுதான் அதற்காக ரத்தம் சிந்தியது.

சைவ சித்தாந்தம் தனு, கரணம், புவனம், போகம் என்று நான்கைச் சொல்லும். உடலும் கருவிகளும் உலகும் நுகர்ச்சியும் உயிர் ஈடேறுவதற்காக இறைவன் தந்தவை. இவை உயிரின் சொந்தச் சம்பாத்தியம் அல்ல. இந்தப் பார்வையில் என் உடலே எனக்கு இரவல்தான். இரவல் பொருளைப் பேணுவது கடமை. திருமூலர் உடம்பைப் பேணும் நெறியை அத்தனை அழுத்திச் சொன்னதும் அதனால்தான். ஆனால் வேலை முடிந்து உடலே உதிர்த்துவிட்ட ஒன்றின் மீது நிரந்தரப் பட்டா கேட்க இந்தத் தத்துவத்தில் இடம் குறைவு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயாலோ ரசாயனம் பட்டோ இரு கண்ணின் முன்பரப்பும் வறண்டு கெட்டுப்போனவர்களுக்குச் சாதாரணக் கருவிழி மாற்று நிலைப்பதில்லை. அவர்களுக்காக இத்தாலியின் ஸ்ட்ராம்பெல்லி 1960-களில் ஓர் அறுவைச் சிகிச்சையைக் கண்டுபிடித்தார். நோயாளியின் கோரைப்பல்லை எலும்போடு எடுத்துத் தகடாகச் சீவி, நடுவில் துளையிட்டு, பிளாஸ்டிக் லென்ஸ் பொருத்தி, சில மாதம் முகத்தின் திசுவுக்குள் புதைத்து வைத்து, பிறகு கண்ணுக்குள் பதிக்கிறார்கள். சென்னை சங்கர நேத்ராலயாவில் இந்தச் சிகிச்சை பலருக்குச் செய்யப்பட்டுப் பார்வை திரும்பியிருக்கிறது. தன் பல் தன் கண்ணைத் திறக்கிறது. இதை யார் உடைமை வெறி என்பார்? தன் உடலின் ஒரு பகுதியைத் தன் இன்னொரு பகுதிக்காக எடுத்துக்கொள்வதில் குற்றம் துளியும் இல்லை. சியானின் சிறுவர்களும் அதையே செய்தார்கள்.

ஆனால் அங்கே தேவை முன்னே வந்தது, பல் பின்னே போனது. வங்கியில் இது தலைகீழாகிறது. தேவை இல்லை, நோய் இல்லை, சிகிச்சையும் இன்னும் இல்லை. பயம் மட்டும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஆண்டுதோறும் கட்டணம் கட்டுகிறார்கள். கட்ட முடிந்தவரின் பிள்ளையின் பல் நைட்ரஜனில் உறைகிறது. கட்ட முடியாதவரின் பிள்ளையின் பல் மருத்துவமனைக் கழிவோடு மஞ்சள் பையில் எரியூட்டிக்குப் போகிறது. இரண்டாலும் வேறெந்தக் குழந்தைக்கும் பயன் இல்லை.

உதிர்ந்த உறுப்பு யாருடையது என்று நீதிமன்றங்களும் தடுமாறியிருக்கின்றன. ஜான் மூர் என்பவருக்கு 1976-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ரத்தப் புற்றுநோய்க்காக மண்ணீரல் அகற்றப்பட்டது. அவருடைய மருத்துவர் அதிலிருந்து ஒரு செல் வரிசையை உருவாக்கி, 1984-ல் காப்புரிமையும் பெற்றார். மூர் வழக்குத் தொடுத்தார். அகற்றப்பட்ட செல்கள் மூரின் சொத்து அல்ல, ஆனால் தம் ஆராய்ச்சி ஆதாயத்தை மருத்துவர் முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று 1990-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கும் முன்னால், 1951-ல் பால்டிமோரில் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டிச் செல்கள் அவரைக் கேட்காமலே எடுக்கப்பட்டன. அவை உலக ஆய்வுக்கூடங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றை விற்றுப் பொருளீட்டிய ஒரு நிறுவனத்தோடு 2023-ல்தான் குடும்பத்தார் உடன்பாட்டுக்கு வந்தார்கள். உதிர்ந்தது யாருடையதும் அல்ல என்று விட்டுவிட்டால் வலியவர் அள்ளிக்கொண்டு போவார். இந்த இரண்டு வழக்குகளும் காட்டுவது அதைத்தான். பொதுவுக்குக் கொடுப்பது என்பது கேட்டு, சொல்லி, மனமொப்பிக் கொடுப்பதாக இருக்க வேண்டும்.

அப்படிக் கொடுக்கப்பட்ட பற்களின் வரலாறு ஒன்று இருக்கிறது. 1950-களில் அமெரிக்காவும் சோவியத் நாடும் வானில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்தன. அந்தக் கதிரியக்கத் தூசியில் ஸ்ட்ரான்சியம்-90 இருந்தது. சுண்ணாம்புச் சத்தை ஒத்த தனிமம் அது. புல்லில் படிந்து, பசுவின் பாலில் இறங்கி, குழந்தையின் பல்லில் சேரும். செயின்ட் லூயிஸ் நகரத்தில் விஞ்ஞானி பேரி காமனர், மருத்துவர் லூயிஸ் ரைஸ் முதலியோர் 1958 டிசம்பரில் ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள்: விழுந்த பாற்பற்களை எங்களுக்கு அனுப்புங்கள். தாய்மார்களும் பள்ளிகளும் தேவாலயங்களும் நூலகங்களும் திரட்டி அனுப்பின. அனுப்பிய ஒவ்வொரு பிள்ளைக்கும், அறிவியலுக்குப் பல் கொடுத்ததைச் சொல்லும் ஒரு சிறு வில்லை கிடைத்தது. 1970-க்குள் சேர்ந்தவை மூன்று லட்சத்துக்கும் மேல். குண்டுச் சோதனைகள் பெருகப் பெருகக் குழந்தைகளின் பல்லில் ஸ்ட்ரான்சியம் ஏறியது அந்தப் பற்களில் பதிவாகியிருந்தது. 1961-ல் முதல் முடிவுகள் வெளியாயின. 1963-ல் வான்வெளிச் சோதனையைத் தடைசெய்யும் உடன்படிக்கை கையெழுத்தானது. அதற்கு வலுச் சேர்த்த பொதுமக்கள் குரலில் அந்தப் பற்களுக்கும் பங்கு உண்டு.

அந்தப் பிள்ளைகளில் எவருக்கும் தம் பல்லால் தமக்கென்று தனிப்பலன் கிடைக்கவில்லை. இனிப் பிறக்கும் பிள்ளைகளின் எலும்பில் நஞ்சு ஏறாமல் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் பெற்ற கூலி. கண்டியின் பேழையைவிடவும் நைட்ரஜன் தொட்டியைவிடவும், தபால் உறையில் போன அந்தப் பற்கள்தான் ஒரு பல் எய்தக்கூடிய மேலான கதியை எய்தின என்று சொல்லத் தோன்றுகிறது. பிரிட்டனின் ரிச்சர்ட் டிட்மஸ் 1970-ல் ரத்ததானம் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் வாதிட்டார். விலைக்கு வாங்கும் ரத்தத்தைவிட முகம் தெரியாதவருக்குக் கொடையாகத் தரும் ரத்தமே பாதுகாப்பானது, அப்படித் தரும் வழக்கமே ஒரு சமூகத்தைச் சமூகமாக வைத்திருக்கிறது என்பது அவர் முடிவு.

ஆறு வயதுப் பிள்ளையின் பல்லைக் கொடுக்கவோ பூட்டவோ பெற்றோருக்கு என்ன உரிமை என்றும் கேட்கலாம். பல்லோடு அந்தப் பிள்ளையின் முழு மரபணுப் பதிவும் போகிறது. ஆகவே கொடையிலும் வரம்பு வேண்டும். பெயர் நீக்கப்பட வேண்டும். எதற்குப் பயன்படுகிறது என்று சொல்லப்பட வேண்டும். பிள்ளை வளர்ந்து வேண்டாம் என்றால் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும். கண்தானத்துக்குப் படிவம் வைத்திருக்கிற நாட்டுக்கு இது எட்டாத காரியமில்லை. பல் மருத்துவக் கல்லூரிகளில் நாள்தோறும் ஞானப்பற்கள் பிடுங்கப்படுகின்றன. நாற்காலியில் உட்காருமுன் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

பிறருடைய பல் பிறருக்கு உதவுமா என்ற ஐயம் நியாயமானது. பிரேசிலில் ஹண்டிங்டன் நோயாளிகளுக்கு, தானமாகக் கிடைத்த பாற்பற்களின் செல்களை ரத்தத்தில் செலுத்திப் பார்க்கும் மருத்துவ ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இன்னும் அழுத்தமான சான்று ஜப்பானிலிருந்து வருகிறது. கிஃபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிடுங்கப்பட்ட பற்களின் செல் வரிசைகள் 107-ஐ எடுத்து, திசுப் பொருத்தத்துக்கான மரபணுக் குறிகளைச் சோதித்தார்கள். உறுப்பு மாற்றத்தில் உடல் ஏற்பதும் தள்ளுவதும் அந்தக் குறிகளைப் பொறுத்தது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே குறிகளைப் பெற்றவர்கள் மிக அரிது. அத்தகையவரின் செல் மிகப் பலருக்குப் பொருந்தும். 107-ல் இரண்டு வரிசைகள் அப்படி அமைந்தன. அந்த இரண்டையும் யாமனாகா காட்டிய வழியில் கருநிலைக்குத் திருப்பினால், ஜப்பானிய மக்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்கு அவை பொருந்தும் என்று 2010-ல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் கணக்கிட்டார்கள். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டிய இரண்டு பேர், தமக்கு வேண்டாத பற்களைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள்.